மூன்றாவது ரிங்

வார்டு தொலைபேசி இரண்டு ரிங் அடித்து நின்றது. ஐந்தாம் கட்டிலில் டிரிப் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்த ஈவாஞ்சலின் ஓடி வந்து பார்த்தபோது, ரிசீவர் வைத்தது வைத்தபடி இருந்தது. மேசைப் பக்கம் ஒருவரும் இல்லை. ஆனால் போனின் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த இணைப்பில் யாராவது பேசும்போது மட்டும் எரிகிற விளக்கு. அவள் பார்த்துக்கொண்டே நிற்க, ஒரு நிமிடம் கழித்து அணைந்தது.

மணி நான்கு. பார்வையாளர்களை வெளியே அனுப்பிவிட்ட ஆண்கள் வார்டில் மின்விசிறிகளின் கிறீச்சொலியும், யாரோ ஒருவரின் கோழை கட்டிய இருமலும், தூரத்தில் துறைமுகத்தில் கப்பல் ஊதுகிற சத்தமும் மட்டும் இருந்தன. ஜன்னல் விளிம்பில் காலையில் துடைத்த இடத்திலேயே மறுபடியும் நிலக்கரித் தூள் படிந்திருக்க, டெட்டாலும் மூத்திரமும் கலந்த வாடைக்குள் கடல்காற்று பிசுபிசுவென்று வந்து ஒட்டியது. இந்தக் கட்டடத்தில் எல்லாமே அவளை வெறுப்பதாக அவளுக்குத் தோன்றும். அவளும் பதிலுக்கு வெறுத்தாள்.

போனுக்கு மேலே சுவரில் லேமினேட் செய்த தாள் ஒன்று. எச்.ஆர். கிருபாநிதி ஒட்டியது. வாழ்நாளில் ஒரு நோயாளிக்குத் தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்காத மனிதர், போனில் எப்படிப் பேசுவது என்று நர்ஸுகளுக்குப் பாடம் எடுத்தார். மூன்றாவது ரிங்குக்குள் எடுக்க வேண்டும். வணக்கம், வார்டின் பெயர், தன் பெயர், 'நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?' முடிக்கும்போது, 'வேறு ஏதாவது உதவி வேண்டுமா?' அழைத்தவர் வைக்கும்வரை நாம் வைக்கக் கூடாது.

இதில் தன் பெயரைச் சொல்வதுதான் அவளுக்குப் பிடிக்காது. திட்டுகிறவன் கையில் நாமே பெயரை எழுதிக் கொடுப்பதுதானே அது.

தலைமை நர்ஸ் ஞானதீபம் கையில் தாளோடு வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஏளா ஈவா, இந்த வாரத்துல இது மூணாவது கம்ப்ளைண்ட். உனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"நான் என்னக்கா செஞ்சேன்?"

"பன்னெண்டாம் பெட் தேவதாசனோட மவன் போன் போட்டாராம். நீ பேசுன பேச்சுக்கு அந்த மனுசன் அழுதுட்டாரு. நேத்து மதியம் ரெண்டே முக்காலுக்கு."

"ரெண்டே முக்காலுக்கு நான் டிரெஸ்ஸிங்ல இருந்தேன். போனையே தொடல."

"பொய் சொல்லாத. எல்லாம் ரெக்கார்டு ஆவுது." ஞானதீபம் தன் செல்போனை அவள் காதருகே நீட்டினாள்.

முதலில் ஒரு இரைச்சல். பிறகு மெல்லிய இழுப்பு. ஆஸ்துமாக்காரர்கள் பேசத் தொடங்குமுன் இழுக்கிற அந்த மூச்சு. பிறகு, தாளில் உள்ளபடி ஓர் எழுத்துப் பிசகாமல்:

"வணக்கம். மூன்றாம் மாடி ஆண்கள் வார்டு. ஸ்டாஃப் நர்ஸ் ஈவாஞ்சலின் பேசுகிறேன். நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு ஆண் குரல் கேட்டது.

"ஆளு செத்தா நாங்களே சொல்லி அனுப்புதோம்."

ஈவாஞ்சலின் செல்போனைக் காதிலிருந்து தள்ளிவிட்டாள்.

"அக்கா, இது என் குரல் இல்லக்கா."

"உன் பேரு, உன் குரலு. பெறவு யாரு, பேயா? நாளைக்குக் காலையில எச்.ஆர். கூப்பிடுதாரு. சீட்டைக் கிழிச்சிருவாரு, பாத்துக்க." ஞானதீபம் செருப்பைத் தேய்த்துக்கொண்டு போய்விட்டாள்.

குரல் யாருடையது என்று ஈவாஞ்சலினுக்குத் தெரியும். அந்த வாக்கியம் யாருடையது என்பதும் தெரியும். வாக்கியம் அவளுடையது.

போன வருடம், பதிவுக் கருவி வராத காலம். ஓட்டப்பிடாரத்திலிருந்து ஒரு அம்மாள், புருஷன் எப்படி இருக்கிறார் என்று ஒரே மதியத்தில் ஒன்பது முறை கூப்பிட்டாள். ஒன்பதாம் முறை ஈவாஞ்சலின் எரிச்சலில் அதைச் சொல்லிவிட்டாள். சொல்வதற்கு முன், முன்யோசனையோடு, "ஸ்டாஃப் நர்ஸ் ஜெப்ஸி பேசுதேன்" என்றும் சொன்னாள். புகார் கூட வேலை பார்த்த ஜெப்ஸி மேல் போனது. நான் பேசவில்லை, நான் பேசவில்லை என்று ஜெப்ஸி இன்ஹேலரைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் கெஞ்சினாள். ஈவாஞ்சலின் மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அன்று அழுதுகொண்டே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போன ஜெப்ஸி, உப்பளச் சாலையில் லாரிக்கு அடியில் போய்ச் செத்தாள்.

மணி நான்கே கால் ஆகப் போகிறது. மகள் ஸ்டெபி வீட்டுக்கு வந்திருப்பாள்.

எட்டு வயது. புருஷன் கிங்ஸ்டன் கப்பலில் வேலைக்குப் போனதிலிருந்து ஈவாஞ்சலினுக்கு அந்தப் பிள்ளை ஒன்றுதான் உலகம். நான்கு மணிக்குப் பள்ளி வேன் இறக்கிவிடும். ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டு ஜாய் துணைக்கு வருவாள். நடுவில் ஒரு மணி நேரம் பிள்ளை தனியாக. கதவை உள்ளே தாழ்போட வேண்டும், யார் தட்டினாலும் திறக்கக் கூடாது, "அம்மா ஈவாஞ்சலின் வந்திருக்கேன்" என்று பெயரோடு சொன்னால் மட்டும் திறக்க வேண்டும். அப்படித்தான் பழக்கியிருந்தாள். தினமும் வார்டு போனிலிருந்து கூப்பிட்டுக் கேட்பாள்.

ரிசீவரை எடுத்தாள். பேசும் இடம் ஈரமாக இருந்தது. இப்போதுதான் யாரோ வாயருகே வைத்துப் பேசியது போல.

வீட்டு எண்ணை அழுத்தினாள்.

ஒரு ரிங்.

எடு பிள்ளே.

இரண்டு.

மூன்றாவது ரிங்கில் எடுக்கப்பட்டது.

மெல்லிய இழுப்பு.

"வணக்கம். ஸ்டாஃப் நர்ஸ் ஈவாஞ்சலின் பேசுகிறேன். நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

அந்தக் குரலுக்குப் பின்னால் அவள் வீட்டு டிவி ஓடியது. அவள் வீட்டு மின்விசிறி தட்தட்டென்று அடித்தது.

"யாரும்மா போன்ல?" ஸ்டெபி. வாய் நிறைய எதையோ மென்றுகொண்டு.

"ஜெப்ஸின்னு ஒருத்தி. நீ சாப்பிடு மக்களே."

"ஸ்டெபி! நான்தான் அம்மா! வெளிய ஓடு! ஜாய் ஆன்ட்டி வீட்டுக்கு ஓடு!"

கட்டில்களில் தலைகள் நிமிர்ந்தன.

"அந்த ஆன்ட்டி ஏம்மா கத்துதாவ?"

"அவளுக்கு நெஞ்சு அடைக்கி. பாவம்."

பிள்ளை சிரித்தாள்.

"ஜெப்ஸி, நான்தான் அன்னைக்குப் பேசுனேன். எல்லாத்துட்டயும் சொல்லுதேன். இப்பவே சொல்லுதேன். பிள்ளைய விட்டுரு. கும்பிடுதேன்."

அங்கே நாற்காலி நகர்ந்தது. ஈரக்கால்கள் தரையில் நடந்தன. வாசல்வரை. தாழ்ப்பாள் விழுந்தது. மேல் தாழ்ப்பாள். பிறகு கீழ்த் தாழ்ப்பாள். டிவி நின்றது.

கால்கள் திரும்பி வந்தன.

"ஆளு செத்தா நாங்களே சொல்லி அனுப்புதோம்," என்றது குரல், மரியாதையாக. "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

பிறகு அது பேசவில்லை. வைக்கவும் இல்லை. அழைத்தவள் வைக்கும்வரை, தாளில் உள்ளபடி, இழுத்து இழுத்து மூச்சுவிட்டுக்கொண்டு காத்திருந்தது. ஈவாஞ்சலின் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, பிள்ளை மெல்லுகிற சத்தத்தைக் கேட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மெல்லுகிற சத்தம் நின்றது.