கணக்கப்பிள்ளையின் கண்ணாடிச் சப்பாத்து

"மொதலாளி, எங்க வீட்டுக்காரரைத் திருடன்னு சொல்றாங்க."

பொகவந்தலாவையில் ஹமீதின் சப்பாத்துக் கடைமுன் மூச்சிரைக்க நின்றாள் வேலாயி. தேயிலைத் தோட்டத்தில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை செல்லசாமியின் பேட்டன்ட் தோல் சப்பாத்தை முந்தின இரவிலிருந்து காணவில்லை. தொழிற்சங்கத்துக்கு ஆள் சேர்க்கும் அவள் புருஷன் பழனியாண்டிமேல் பழி. இன்று வீட்டைச் சோதிக்கப் போகிறார்கள். சப்பாத்து அங்கே கிடைத்தால் குடும்பமே தோட்டத்தை விட்டுப் போக வேண்டும்.

"நானா, கேஸ் வந்திருச்சு," என்று மச்சினன் இக்ராம் கோட்டை மாட்டினான். காணாமற்போன பொருள்களைக் கண்டுபிடிப்பதில் ஹமீதுக்குக் கடைத்தெருவில் பேர் இருந்தது.

"கடையப் பூட்டு. வாயையும்," என்றார் ஹமீத்.

அந்தச் சப்பாத்தை விற்றவரே அவர்தான். குனிந்தால் மீசை தெரியும் பளபளப்பு. செல்லசாமி அதற்குப் பாலிஷ் போடமாட்டார். பாலில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து, கம்பளித் துணியில் சுற்றி வைப்பார்.

அவர்கள் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை அடைந்தபோது தூறல். தோட்ட ஆபீஸின் பெரிய கிளாக்கர் குடை பிடித்து வந்தார். பின்னால் செல்லசாமி, தொப்பியிலிருந்து நீர் சொட்ட, மடக்கிய பெருங்குடையைக் கையில் தொங்கவிட்டபடி வந்தார்.

பழனியாண்டியின் வீட்டுக்குள் அடுப்பில் சோறு கொதித்தது. முதலில் நுழைந்த செல்லசாமி புகைக்குள் குனிந்து, அடுப்போரத்து விறகுக்குப் பின்னாலிருந்து சப்பாத்தைத் தூக்கினார்.

"பாருங்கய்யா. ராத்திரியே கொண்டாந்து ஒளிச்சிருக்கான்."

கதவோரம் நின்ற பழனியாண்டி முன்னே வந்தான். ஹமீத் சப்பாத்தைக் கையில் வாங்கினார். பளபளப்பெங்கும் வெண்மூட்டம். விரலால் இழுத்தார், கறுப்புக் கோடு விழுந்தது. பிறகு அதை அடுப்புத் தணலருகே வைக்கப் போனார்.

"ஐயோ, அங்க வைக்காதீங்க," என்று பாய்ந்தார் செல்லசாமி. "சூட்டுல வார்னிஷ் இளகிரும்."

"ராத்திரி முழுக்க இங்கதானே இருந்திச்சு? ஏன் இளகல?"

செல்லசாமியின் கை அந்தரத்தில் நின்றது.

"கிளாக்கரையா, தொட்டுப் பாருங்க, சில்லுன்னு இருக்கும். குளிர்ந்த கண்ணாடிய ஆவியில காட்டினா மூட்டம் போடும். இந்தத் தோலும் அப்படித்தான். ராவெல்லாம் அடுப்போரம் கிடந்திருந்தா வெதுவெதுன்னு இருக்கும். மேல புகைக்கரி ஒட்டியிருக்கும். இது வெளிக்குளிர்ல இருந்து இப்பத்தான் உள்ள வந்திருக்கு."

"யாரு கொண்டாந்தது?" என்றார் கிளாக்கர்.

"மழையில நனைஞ்சாலும் குடைய விரிக்காத ஆளு யாருன்னு பாருங்க. விரிச்சா உள்ள இருந்தது கீழ விழுந்திருக்கும்."

இக்ராம் அந்தக் குடையைப் பிடுங்கி விரித்தான். கம்பளித் துணி தரையில் விழுந்தது.

"ராத்திரியே வச்சிருந்தா நீங்க தப்பிச்சிருப்பீங்க," என்றார் ஹமீத். "ஒரு குடும்பத்த ரோட்டுல தள்ளத் துணிஞ்சீங்க. சப்பாத்துல புகை படுறதுக்கு மட்டும் மனசு வரல."

கிளாக்கர் செல்லசாமியின் முகத்தைப் பார்க்கவில்லை. "பழனியாண்டி, நாளைக்கு வழக்கம்போல மலைக்கு வேலைக்குப் போ. செல்லசாமி, நீ தொரைகிட்ட வா."

வாசலில் லயத்து ஆட்கள் இரு பக்கமும் நின்றார்கள். கணக்கப்பிள்ளை கடந்து போனால் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்குவது அங்கே வழக்கம். செல்லசாமி அவர்கள் நடுவே நடந்து போனார். ஒரு துண்டும் அவிழவில்லை. பழனியாண்டி தன் துண்டை உதறி, தலையில் இறுகக் கட்டிக்கொண்டான்.