ஜான் ஹார்ட்லியின் இரண்டு கற்கள்

"நாளைக்கு என் பண்ணையை விற்றுக் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் நீங்கள் ஒரு கல்லறையைப் பார்த்து, அது உண்மைதானா என்று சொல்ல வேண்டும்."

மிஸ் எலன் ஹார்ட்லி இதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ஜீவரத்தினத்தின் சோபாவில் கையுறையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். வயது எண்பதுக்கு மேல். தொண்ணூற்றொன்பதாம் வருஷ மார்ச் மாதம். நியூஜெர்சியில் குளிர் இன்னும் விட்டபாடில்லை.

ஜீவரத்தினம் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவர். ஞாயிறு மதியங்களில் அவருடைய தமிழ்க் கிறிஸ்தவச் சபை கூடுவது எலனுடைய கோவிலில்தான். அங்கே காணாமற்போன வெள்ளிக் கிண்ணத்தை, எடுத்தவர் தலைகுனியாதபடி அவர் மீட்டுக் கொடுத்த கதை அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

உறை மோர் வாங்க வந்த அடுத்த அபார்ட்மெண்ட் விசாலாக்ஷி, கிண்ணத்தை ஏந்தியபடியே நின்றுவிட்டாள். சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடிப்பது அவளுக்கு வேலை. ஜீவரத்தினம் அங்கிளோடு சேர்ந்து மனிதர்களிடம் கண்டுபிடிப்பது ஆசை.

எலன் சொன்னாள். முந்நூறு வருஷங்களுக்கு முன் இங்கிலாந்தின் யார்க்‌ஷரிலிருந்து கப்பலேறி வந்தவன் ஜான் ஹார்ட்லி. காட்டை வெட்டி நிலமாக்கினான். ஒன்பது பிள்ளைகள் பெற்று ஐந்தைப் புதைத்தான். அவன் வம்சத்தில் மிஞ்சியவள் எலன் ஒருத்திதான். "ஜான் படுத்திருக்கும் மண்ணை விற்காதே" என்று அவள் அப்பா சாகும்போது கையடித்து வாக்கு வாங்கியிருந்தார். பண்ணையில் எந்த இடம் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. அதனால் ஓர் அடிகூட அவள் விற்கவில்லை. போன நவம்பரில், அவள் எதிர்வீட்டு ரியல் எஸ்டேட் ஏஜெண்ட் கோபாலசாமி ஜானின் கல்லறைக் கல்லைக் கண்டுபிடித்தான். ஓடைக்கு அந்தப் பக்கம், பண்ணைக்கு வெளியே.

"அப்படியானால் வாக்கு என்னைக் கட்டாது இல்லையா?" என்றாள் எலன். கேட்ட குரலில் கெஞ்சல் இருந்தது.

மூவரும் ஓடைக்கரைக்குப் போனபோது வெயில் மேற்கே சரிந்திருந்தது. தலைமாட்டில் பெயர் வெட்டிய பெரிய கல். கால்மாட்டில் சின்னக் கல். இரண்டின் நிழல்களும் பக்கவாட்டில், ஒன்றையொன்று தொடாமல், புல்மேல் நீண்டு கிடந்தன. சுற்றிலும் யாரோ கூழாங்கற்களை ஒழுங்காகப் பதித்திருந்தார்கள்.

"எழுத்தெல்லாம் பழசுதான் அங்கிள். எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியல. பாக்கவே மனசுக்கு நிம்மதியா இருக்கு" என்றாள் விசாலாக்ஷி.

"ஏன் நிம்மதியா இருக்குன்னு யோசிச்சுக்கிட்டே வாம்மா."

அவர் மண்டியிட்டு, பெரிய கல்லின் அடியை விரலால் தோண்டினார். கரை மண் கறுப்பு. கல்லின் இடுக்கில் ஒட்டியிருந்ததோ செங்கல் நிறத்தில் காய்ந்த மண். அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

"உங்கள் பண்ணையில் சிவப்பு மண் எங்கே?"

"பின்பக்க மேட்டில் மட்டும். அக்டோபரில் மண் பரிசோதனை என்று கோபால் இயந்திரம் வைத்துத் தோண்டினான்."

எலனின் சமையலறை மேஜைமேல் ஓர் எவர்சில்வர் தூக்கு நிறைய ஆப்பிள்கள் இருந்தன. "சாந்தியுடையது" என்றாள் அவள் பெருமையாக. "கோபாலின் மனைவி. குளிர்காலம் முழுக்க எனக்குச் சூப் கொண்டுவந்தாள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாதாமே! கற்றுக்கொண்டேன்."

ஜீவரத்தினம் தூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கோபாலையும் சாந்தியையும் வரச்சொல்லச் சொன்னார்.

கோபாலசாமி சிரித்துக்கொண்டே வந்தான். சாந்தி பின்னால் நின்றாள்.

"விசாலம், நிழல் எப்படி விழுந்துச்சு?"

"குறுக்கால, அங்கிள்."

"எங்க ஆளுங்களத் தலை மேற்கே, கால் கிழக்கே வெச்சுத்தான் பொதைப்போம். உயிர்த்தெழுற அன்னைக்குச் சூரியனைப் பாத்து எந்திரிக்கணும்னு நம்பிக்கை. ஜான் காலத்து ஆளுங்க அதுல ரொம்பக் கண்டிப்பு. அப்படி இருந்தா, சாயங்காலம் தலைக்கல்லோட நிழல் நேரா கால்கல்லப் பாத்து விழும். இது தெற்கே தலை வெச்சிருக்கு. உனக்கு ஏன் நிம்மதியா இருந்துச்சு?"

விசாலாக்ஷி நிமிர்ந்தாள். "எங்க தாத்தாவ அப்படித்தான் படுக்க வெச்சாங்க."

"கல் நிஜம். இடம்தான் பொய்." கைக்குட்டையை மேஜைமேல் அவிழ்த்தார். சிவப்பு மண் உதிர்ந்தது. "மேட்டுல தோண்டினப்போ கிடைச்சதப் பேத்து ஓடைக்கு அந்தப் பக்கம் நட்டது நம்ம ஊர்க்காரங்க."

எலனுக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னார். அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

கோபாலசாமி மனைவியின் பக்கம் திரும்பினான். "கூறு கெட்டவளே! கல்ல நட்டுட்டு வாடீன்னா, உன்னைய யாரு தெசை பாக்கச் சொன்னது?"

"மனசு கேக்கலீங்க" என்றாள் சாந்தி தரையைப் பார்த்து. "பெரியவரு. எங்கப்பாருக்கு வெச்சாப்புல தெக்க தலை வெச்சு, நாலு கல்லு சுத்திப் பதிச்சேன். கும்புட்டுட்டுத்தான் வந்தேன்."

ஜீவரத்தினம் இதையும் ஒரு வார்த்தை விடாமல் எலனிடம் சொன்னார். அந்தப் பெண் காட்டிய ஒரே மரியாதைதான் அவளைக் காட்டிக்கொடுத்தது என்றும் சேர்த்துச் சொன்னார்.

"அப்படியானால் ஜான் என் மேட்டில்தான் இருக்கிறான். நான் விற்கவில்லை" என்றாள் எலன்.

கோபாலசாமி கார் சாவியை எடுத்துக்கொண்டே, அவளுக்குப் புரியட்டும் என்று நிதானமான ஆங்கிலத்தில் சொன்னான்: "விற்க வேண்டாம். ஆனால் மேட்டில் அவன் இல்லை. எலும்போடுதான் மண்ணை லாரியில் ஏற்றினார்கள். எந்தச் சாலைக்கு அடியில் கொட்டினார்களோ, எனக்கே தெரியாது."

மனைவியைத் திரும்பிப் பார்க்காமல் போனான். வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

"மன்னிச்சுருங்கன்னு சொல்லுங்கண்ணா. சூப்பு நெசமாலுமே பாசத்துலதான் கொண்டாந்தேன்" என்றாள் சாந்தி.

அவர் சொன்னார். விசாலாக்ஷி கிழவியின் முகத்தைப் பார்த்தாள். அங்கிள் கண்ணை மூடியிருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

எலன் மெல்ல எழுந்தாள். தூக்கிலிருந்த ஆப்பிள்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தாள். தூக்கைக் குழாயடியில் கழுவினாள். துணியால் உள்ளும் புறமும் ஈரம் போகத் துடைத்து, மூடியை அழுத்தி, சாந்தியிடம் நீட்டினாள்.

சாந்தி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அதற்குக் கனமே இல்லை.