விளிம்பில் பெயர்ந்த நிறம்

நேற்று அவள் மூடிய இடம் இன்று மறுபடியும் திறந்திருந்தது.

கார் நிற்கும் கொட்டகைக்குள் கையில் காபியோடு நுழைந்தவள், கோப்பையைப் பணிமேசையில் வைத்துவிட்டு, டிக்கிக் கதவை உயர்த்தி அதன் அடிவிளிம்பை விரல்நுனியால் தடவிப் பார்த்தாள். அடர்நீலப் பூச்சின் வழவழப்பில் சறுக்கிச் சென்ற விரல், பூட்டுக்குச் சற்று இடப்புறத்தில் தடுக்கி நின்றது. அங்கே நிறம் இல்லை, அதன் அடிப்பூச்சான பிரைமரும் இல்லை. தகரம் தெரிந்தது.

அவளுக்குத் தொழில் பல் கட்டுவது. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைக் கொண்டு இந்தக் கொட்டகைப் பணிமேசையிலேயே செயற்கைப் பற்களை உருவாக்கி, பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போகும்வரை மெருகேற்றி அனுப்புவாள். ஒரு பல்லின் வெண்மைக்கும் அடுத்த பல்லின் வெண்மைக்கும் உள்ள வேறுபாட்டைப் பிரித்தறியும் கண்ணுக்கு ஒரு காரின் நீலம் எம்மாத்திரம்? விளிம்பை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டுநாடாவால் எல்லை கட்டி, சில்லு பெயர்ந்த ஓரங்களை நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் காய்ந்தபின் நிறத்தை மெல்லிய பூச்சுகளாக ஏற்றி, கடைசியாக நிறத்தைக் காக்கும் கிளியர் கோட்டும் கொடுத்திருந்தாள். அவசரப்பட்டிருந்தால் பூச்சு சுருங்கும். ஈரம் தங்கியிருந்தால் கொப்பளிக்கும். இது சுருங்கவும் இல்லை, கொப்பளிக்கவும் இல்லை. பெயர்த்தெடுக்கப்பட்டிருந்தது.

"டேய், டிக்கிய யாராவது தொட்டீங்களா?"

வாசற்படியில் அமர்ந்திருந்த தம்பி கைப்பேசியிலிருந்து தலையை உயர்த்தவில்லை. "இந்த வீட்ல நீயும் நானும்தான் இருக்கோம். யாரு தொடப்போறா? சூட்கேஸ் இடிச்சிருக்கும்க்கா."

"எந்த சூட்கேஸ்? வண்டிதான் வெளியவே போகலியே."

"அப்ப உன் பெயிண்ட்டு சரியில்ல." சிரித்தான். "கார் டிக்கிக்குப் பல்லு வெளக்கிவிடுற ஒரே ஆளு உலகத்துலயே நீதான். சீக்கிரம் முடிக்கா. வண்டிய வாங்குறதுக்குப் பாக்க ஆளு வருது."

சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. அவனைத் தூக்கி வளர்த்தவளுக்கு அது தெரியாதா?

அவள் மனத்தை உறுத்தியவை இரண்டு. ஒன்று, தம்பி மனைவி. தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்பது அவன் வாய்மொழி. போனவள் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகவில்லை, அழைத்தால் எடுப்பதும் இல்லை. மற்றொன்று, இந்த வீடு. பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டை விற்க வேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவளும் நின்றாள். பிறகு ஒருநாள் அவன் அந்தப் பேச்சையே விட்டுவிட்டான். கேட்டது கிடைக்கும்வரை சிறு வயதில் சாப்பாட்டைத் தொடாதவன் அவன்.

அன்று மாலையே அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். வேலை முடிந்ததும் டிக்கியை மூடி, கொட்டகையின் ஷட்டரை இறக்கிப் பூட்டி, சாவியைத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். யார் வந்து சுரண்டுகிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

காலையில் பூட்டு பூட்டியபடியே இருந்தது. விளிம்பில் சில்லுகள் கூடியிருந்தன.

இப்போது அவை சிதறலாக இல்லை. பக்கம் பக்கமாக, லேசாக வளைந்த ஒரு வரிசையாக இருந்தன. கதவின் வெளிமுகத்தில் மேலோட்டமாகவும், உள்மடிப்பில் ஆழமாகவும் பதிந்திருந்தன. வெளியிலிருந்து எது மோதினாலும் வெளிப்பக்கம்தானே ஆழமாக இருக்க வேண்டும்? பெயர்ந்த துணுக்குகளைத் தரையில் தேடினாள். ஒன்றுகூட இல்லை. டிக்கிக்குள், தம்பி அண்மையில் வாங்கிப் போட்டிருந்த தடித்த ரப்பர் விரிப்பின்மேல் அவை கிடந்தன. ஒன்றைத் தொட்டாள்.

ஈரம். தண்ணீரின் ஈரம் அல்ல. விரல்களுக்கிடையே மெல்லிய இழையாக நீண்டது.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தைவிட்டு ஓடியிருப்பார்கள். அவளோ தான் தினமும் செய்யும் வேலையைச் செய்தாள். வாய்க்குள் அச்செடுக்கப் பயன்படும் மாவில் ஓர் உருண்டையைப் பிசைந்து, சில்லுகளின்மேல் அழுத்தி, இறுகும்வரை பிடித்திருந்து, பெயர்த்தெடுத்தாள். மாவின் பரப்பில் சிறு மேடுகள் வரிசையாக எழுந்து நின்றன. வெட்டுப்பற்களின் நுனிகள்.

கடித்திருக்கிறது. உள்ளே இருந்துகொண்டு.

தம்பி மனைவியின் நினைவுதான் முதலில் வந்தது. அவளுடைய முன்பல்லுக்கு உறை செய்தவள் இவள்தான். அந்த வாயின் மாதிரி இன்னும் அலமாரியில் இருந்தது. பிளாஸ்டர் கரைத்து, மாவின்மேல் ஊற்றி, அது கெட்டிப்படும்வரை நகராமல் உட்கார்ந்திருந்தாள். மாவை உரித்தபோது, கடிபட்ட விளிம்பு வெள்ளைக் கல்லாக அவள் கையில் இருந்தது. அதன் பள்ளங்களில் தம்பி மனைவியின் மாதிரியைப் பொருத்தினாள்.

பொருந்தவில்லை. எப்படித் திருப்பி வைத்தும் பொருந்தவில்லை. ஆனாலும் மனம் கேட்கவில்லை. மாலைவரை விட்டுவிட்டு அழைத்தும் பதில் வராமல், இன்னொரு முறை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓயப்போகும் வேளையில் குரல் வந்தது.

"அண்ணி! நானே கூப்பிடணும்னு இருந்தேன். இங்க சிக்னலே இல்ல. மாடிக்கு வந்து தண்ணித் தொட்டிய கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னாதான் பேச முடியுது."

"நல்லா இருக்கியாம்மா?"

"எனக்கென்ன? உக்கார வச்சு சோறு போடறாங்க, ஒரு சுத்து பெருத்துட்டேன். ஆமா, நீங்க எப்ப கிளம்புறீங்க?"

"எங்க?"

"வெளிநாட்டுக்குத்தான். வேலை கெடச்சிடுச்சு, வீட்டுக்கும் கையெழுத்து போட்டுட்டீங்க, உங்கள அனுப்பி வச்சிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்னு அவரு சொன்னாரே. பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லியாச்சாம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அண்ணி? அவ்வளவு வேத்தாளா போயிட்டேனா?"

அவள் கேள்விப்படாத வேலை, அவள் போடாத கையெழுத்து. பேச்சை முடித்துக் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கொட்டகையில் பெயிண்ட் கரைக்கும் தின்னரின் நெடி கனத்திருந்தது. கூரைத் தகரம் வெயில் இறங்கியதில் குளிர்ந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொடுக்கிக்கொண்டது. அவள் வெள்ளைக் கல்லை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். பள்ளங்களின் வரிசையில் நடுப்பற்களில் ஒன்று மற்றொன்றைவிடச் சற்று முன்னால் நின்றிருந்தது. கோரைப்பல் லேசாகத் திரும்பியிருந்தது. பார்த்த பற்கள். நன்றாகப் பழகிய பற்கள். யாருடையவை?

பல் கட்டும் வேலை பழகுகிறவர்கள் முதன்முதலில் அச்செடுப்பது தங்கள் வாயைத்தான்.

அவள் கல்லை மெதுவாக உயர்த்தினாள். உதடுகளைத் திறந்தாள். பற்களுக்கிடையே வைத்துக் கடித்தாள்.

பொருந்தியது. சிறு அசைவும் இல்லாமல், மூடி ஒன்று தன் பெட்டியில் அமர்வதுபோல் பொருந்தியது.

அவள் இந்த டிக்கியைக் கடித்ததில்லை. அதற்குள் படுத்ததும் இல்லை.

இதுவரை.

முதுகுக்குப் பின்னால் ஷட்டர் இறங்கியது. முழுவதும்.

"அக்கா."

கல் கையிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. தம்பி அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"முடிஞ்சுதா?"

"இல்லடா. இனிமேதான்... ஷட்டர ஏன் எறக்கின?"

"தூசி வருதுல்ல? பெயிண்ட்ல ஒட்டிக்கும்னு நீதானே சொல்லுவ." குரல் இதமாக இருந்தது. பல நாள்களாகக் கேட்காத இதம். "டிக்கிக்குள்ள லைட்டு எரியலக்கா. கொஞ்சம் உள்ள குனிஞ்சு பாரேன். உன் கண்ணுதான் கூர்மை."

"அப்புறம் பாத்துக்கலாம்."

"இப்ப பாரு."

அவளுக்கும் ஷட்டருக்கும் நடுவில் அவன் நின்றான். ஒரு கையால் டிக்கிக் கதவை உயர்த்தி, விருந்தாளிக்குக் கதவைத் திறந்துவிடுகிறவனைப்போல் பணிவாகப் பிடித்துக்கொண்டான். மற்றொரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அவள் பார்வை விளிம்பில் நின்றது. வலப்புறம். இன்னும் யாரும் தொடாத, பழுதே இல்லாத நீலம். அதில் ஒரு சில்லு பெயர்ந்தது. ஓசையில்லை. பக்கத்தில் இன்னொன்று. அடுத்து இன்னொன்று. பூட்டை நோக்கி.

அவன் பார்க்கவில்லை. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு சில்லுக்கும் அவள் தாடை அசைந்தது. அவள் அசைக்கவில்லை. திறந்தது. மூடியது. மறுபடியும் திறந்தது. ஈறு வலித்தது. வாய்க்குள் தின்னரின் கசப்பு ஊறியது. நாக்கில் ஏதோ கூராகக் குத்தியது.

"என்னக்கா மென்னுட்டு இருக்க?" என்றான்.

அவள் விரலை வாய்க்குள் விட்டு எடுத்தாள்.

விரல்நுனியில், எச்சிலும் சிறிது இரத்தமும் ஒட்டி, விளக்கொளியில் பளபளத்தது அடர்நீலத் துணுக்கு ஒன்று.