மாடியில் பேய், கீழே பல் டாக்டர்

"ஆ... ஆஆஆ!"

மாடியிலிருந்து வந்த அலறலில், வாயைப் பிளந்து படுத்திருந்த நோயாளி துள்ளி எழுந்து, கழுத்தில் கட்டிய துணியோடு மழையில் ஓடியே போனார்.

பல் டாக்டருக்குக் கோபம் தலைக்கேறியது. கையுறையைக்கூடக் கழற்றாமல் படியேறி, மாடிக் கதவைத் தட்டினாள். திறந்தவனுக்குப் பெரிய, திருதிருவென விழிக்கும் கண்கள். கையில் பாதி திருகிய முட்டைக்கோஸ்.

"இங்க யாரைக் கொல்றீங்க?"

"இதைத்தாங்க. பேய் கழுத்தை முறிக்கிற சத்தத்துக்கு." அவன் பேய்ப் படங்களைத் தொகுத்து ஒலி சேர்ப்பவன். போன வாரம்தான் குடிவந்திருந்தான்.

"உங்க அலறல்ல என் பேஷண்ட் ஓடிட்டார்!"

"நிஜமாவா? அவ்வளவு பயந்துட்டாரா?" அவன் முகம் பூரித்தது.

"சந்தோஷப்படாதீங்க!"

"ஒரே ஒரு சீன் பாத்துட்டுத் திட்டுங்களேன்..."

முடியாது என்றுதான் சொல்ல நினைத்தாள். அந்தக் கண்கள் விட்டால்தானே!

திரையில் பாழடைந்த பங்களா. இடி, வௌவால், முரசு, அலறல் எல்லாம் ஒன்றாகக் கொட்டின. அவள் வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு பீறிட்டது.

"கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு! எங்க வெயிட்டிங் ரூமைப் பாருங்க. வெள்ளைச் சுவர், ஒரு மூடின கதவு, அவ்வளவுதான். உள்ளேயிருந்து 'உய்ங்'னு ஒரு சத்தம் வரும்... சட்டுனு நின்னுடும். அந்த நிக்கிற நேரத்துலதான் ஆளுங்களுக்கு வேர்க்கும்."

அவனுக்குச் சுருக்கென்றது. "பல்லைப் பிடுங்கறவங்க என் வேலையையும் பிடுங்கணுமா, டாக்டர்?"

அவள் விறுவிறுவென்று படியிறங்கிவிட்டாள்.

அதன்பின் மாடியில் சத்தமே இல்லை. நோயாளிகள் நிம்மதியாக வாய் திறந்தார்கள். அவள் காது மட்டும் கூரையிலேயே கிடந்தது. 'ஒரு தடவை அலறினால்தான் என்னவாம்...'

மேலே அவன் பங்களாவை வெட்டி எறிந்திருந்தான். வெறும் தாழ்வாரம், மூடிய கதவு, மெல்லிய உறுமல்... பிறகு மௌனம். பார்த்த டைரக்டர், தன் உதவியாளர் மடியில் ஏறி உட்கார்ந்தே விட்டார்! ஓடிப்போய் அவளிடம் சொல்லத் துடித்தது மனசு. ரோஷம் தடுத்தது. கடைசியில் கடைவாய்ப் பல்தான் அவனைக் கீழே இழுத்து வந்தது.

நாற்காலியின் கைப்பிடிகளை அவன் இறுகப் பற்றிக்கொண்டான்.

"பேய்ப் படம் எடுக்கறவருக்குப் பயமா?"

"பேய் ஊசியெல்லாம் போடாதுங்களே, டாக்டர்..."

ஊசி போட்டாள். வாய் மரத்தது. வெளியே மழை வலுத்தது. அவன் அவளையே பார்த்தான்.

"ஹாக்டர்... நீங்ஹ ஹொன்னதுதான் ஹரி. எஹக்கு... உங்ஹளை ஹிடிச்சிருக்கு."

அவள் காது மடல் சிவந்தது. "என்னது? புரியலையே..."

பக்கத்து அறையிலிருந்து அவள் அப்பாவின் குரல் வந்தது. அவரும் பல் டாக்டர். "உன்னைப் பிடிச்சிருக்குன்னு சொல்றாரும்மா! மரத்த வாய் பேசறதைக் கேட்டுக் கேட்டுத்தானே எனக்கு நரைச்சுது!"

"புரிஞ்சுதுப்பா! இன்னொரு தடவை சொல்ல வைக்கலாம்னு பாத்தேன்... கெடுத்துட்டீங்களே!"

அவன் எழப் பார்த்தான். அவள் தோளைத் தொட்டு அழுத்தினாள்.

"எனக்கும்தான்..." என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "இப்ப வாயைத் திறங்க."