கைக்கெட்டும் தூரம்

தையல்காரி திரையில் வந்ததும் ஆலோசகரின் கண்ணில் முதலில் பட்டது அவள் உதடுதான். புதிதாகக் கிழிந்திருந்தது.

“இது எப்ப ஆச்சு?”

“நேத்து மேடம்.”

“யாரு?”

“வேற யாரு? அவர்தான்.”

அவர் என்றால் கணவன். மழை தொடங்குமுன்பே லாரியோடு பள்ளத்தில் உருண்டு செத்துப்போனவன்.

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்தவர் துயரத்தைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். இப்போது சில வருடங்களாக வீட்டிலிருந்தபடி, கணினி வழியாகக் கேட்கிறார். தன்னையே காயப்படுத்திக்கொள்பவர்கள் அவருக்குப் புதிதல்ல. இவளும் அப்படித்தான் என்று நினைத்தார்.

“உயிரோட இருந்தப்ப எப்படி அடிப்பார்?”

“உக்காந்திருக்கிற வரைக்கும் தப்பிச்சுக்கலாம் மேடம். கிட்டப் போனாத்தான் முடியைப் பிடிப்பார். எந்திரிச்சார்னா பெல்ட் பக்கிளை அவுக்கிற சத்தம் ‘டக்’குனு கேக்கும். அதுக்கப்புறம் எனக்கு எதுவும் ஞாபகம் இருக்காது.”

“வீட்ல காலி நாற்காலி ஒண்ணு இருக்கா?”

“நான் உக்காந்திருக்கிறது மட்டும்தான். இன்னொண்ணு என் முதுகுல உடைஞ்சுபோச்சு.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். உதட்டில் ரத்தம் துளிர்த்தது.

“பரவாயில்ல. கண்ணுக்குத் தெரியற ஏதாவது ஒரு காலி இடத்துல அவரை உக்கார வைங்க. இத்தனை வருஷம் சொல்ல முடியாததை மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க.”

ஆலோசகருக்குக் கைவந்த முறை அது. ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. உட்கார வைத்தவரே எழுப்பி, வழியனுப்பிவிட்டுத்தான் பேச்சை முடிக்க வேண்டும்.

தையல்காரியின் பார்வை ஆலோசகரின் தோளைத் தாண்டிப் போய் நின்றது.

“உக்காருடா,” என்றாள். குரலே வேறாக இருந்தது. “வயித்துல இருந்ததை உதைச்சே கொன்னியே, அதுக்குப் பேரெல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன், தெரியுமா? உன்னை அடையாளம் காட்டக் கூப்பிட்டாங்க. முகமே இல்ல. பெல்ட்டை வச்சுத்தான் நீன்னு சொன்னேன். பக்கிள்ல என் முடி சிக்கியிருந்துச்சுடா!”

“கேக்குறாரா?”

“கேக்குறார் மேடம். குனிஞ்ச தலை நிமிரல.”

“நல்லது. இப்ப அவரை...”

மின்சாரம் போய்விட்டது.

வெளிச்சம் வந்தபின் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் எடுக்கவில்லை. சரி, அடுத்த வாரம் எழுப்பி அனுப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அறையில் டீசல் நாற்றம் லேசாக வீசியது.

“ஊர் அழுகையெல்லாம் நம்ம வீட்டு வயர் வழியாத்தான் ஓடுது. ஒரு நாள் ஷாக் அடிக்கும் பாரு,” என்று ஆலோசகரோடு வசிக்கும் தங்கை கேலி செய்வது வழக்கம். அந்த வாரம் அவள் அறையைப் பெருக்கிவிட்டு, முழங்கையைத் தடவிக்கொண்டே வந்தாள்.

“அக்கா, உன் பச்சை நாற்காலி கிள்ளுது.”

“உளறாதேடி.”

“பாரு.”

விரல் விரலாகக் கன்றியிருந்தது.

மறுநாள் பட்டப்பகலில் அந்த நாற்காலியின் கீழே உருண்ட பேனாவை எடுக்கத் தங்கை குனிந்தாள்.

நிமிரவில்லை.

அவள் தலை நாற்காலிக் கைப்பிடியில் மோதியது. மீண்டும் மோதியது. பல்லொன்று தெறித்துத் தரையில் ஓடியது. ஆலோசகர் பாய்ந்து அவள் இடுப்பைக் கட்டி இழுத்தார். தங்கையின் பின்னல் மட்டும் வரவில்லை.

பின்னல் அந்தரத்தில் விறைத்து நின்றது. மறுமுனையில் யாருமில்லை.

“விடு! விட்டுடு அவளை!”

ஒரு கொத்து முடி தோலோடு பிய்ந்துகொண்டு வந்தபின்தான் இருவரும் தரையில் விழுந்தார்கள்.

அடுத்த முறை வந்த தையல்காரி வேறு பெண்ணாக இருந்தாள். உதடு ஆறியிருந்தது. கண்ணில் நல்ல தூக்கத்தின் தெளிவு.

“அன்னிலேர்ந்து வரவேயில்ல மேடம்! கதவைக்கூடத் தாழ் போடாம தூங்குறேன்.”

“அவரை எங்கம்மா உக்கார வச்சீங்க?”

“உங்க பின்னாடி இருக்கே, பச்சை உறை போட்டது. அதுக்காகத்தான் போட்டு வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்.”

ஆலோசகர் திரும்பிப் பார்க்கவில்லை.

“அவரை எழுப்பி அனுப்பணும்மா. நீங்கதான் சொல்லணும்.”

“எந்திரிச்சா எங்க போவார் மேடம்?”

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அவருக்குத் தெரிஞ்ச வீடு எங்க வீடு ஒண்ணுதானே,” என்று கிசுகிசுத்தாள் தையல்காரி. ஆறிய உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“வேண்டாம்மா,” என்றார் ஆலோசகர். “நீங்க தூங்குங்க. நான் பாத்துக்கறேன்.”

நாற்காலிக் காலில் நீளக் கயிற்றைக் கொம்பால் தள்ளி மாட்டி, அக்காவும் தங்கையும் எட்ட நின்றே கொல்லைப்புறத்துக்கு இழுத்தார்கள். வெறும் மரம் அவ்வளவு கனக்காது. மண்ணெண்ணெயை வீசிக் கொளுத்தினார்கள். தீயில் மாமிசம் கருகும் வாடை கிளம்பியது.

“தொலைஞ்சான்,” என்று தங்கை காறித் துப்பினாள். தலையில் போட்டிருந்த கட்டுக்குக் கீழே, அடிபட்டபின் முதன்முறையாகச் சிரிப்பு வந்தது.

அதன் பிறகு தங்கை பயமில்லாமல் வளைய வந்தாள். தையல்காரியின் நாள் வந்தபோது அடுக்களையில் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

திரையில் தையல்காரி ஆலோசகரின் தோளுக்குப் பின்னால் தேடினாள்.

“நாற்காலி எங்க மேடம்?”

“எரிச்சாச்சும்மா. இனி அவருக்கு உக்கார இடமே கிடையாது.”

தையல்காரியின் கை மெல்ல வாய்க்குப் போனது.

“அப்போ... அவர் நிக்கிறாரா மேடம்?”

அடுக்களையில் பாட்டு நின்றது. குழாய்த் தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது.

“சின்னவளே?”



டக்.