ஆளுக்கொரு கட்டைவிரல்

எங்கள் வீட்டில் ஒரு வாரமாகச் சண்டை. சத்தமே இல்லாத சண்டை. அப்பா அண்ணனோடு பேசவில்லை, அண்ணன் அப்பாவோடு பேசவில்லை. தாராவியில் எங்களுக்கு இருப்பதே ஒரே ஓர் அறை. அதற்குள் இரண்டு பேர் முகம் கொடுக்காமல் இருப்பது லேசான காரியமா? நடுவில் மிதிபட்டது நான்தான்.

என் அண்ணன் சாஜன் காலேஜ் ஃபுட்பால் டீமில் கோல் கீப்பர். போன ஞாயிறு அவனுக்கு செமி ஃபைனல். அப்பா போகவில்லை. அதுதான் சண்டைக்குக் காரணம்.

"வாரேன்னு சொல்லிட்டு வரல, ஜெனி. ஃபைனலுக்கு நான் கூப்பிடவே மாட்டேன்" என்றான் அண்ணன். கண் கலங்கியிருந்தது. கேட்டால் வியர்வையாம்!

அம்மாவிடம் சொன்னேன். "ரெண்டுக்கும் ஒரே ரோஷம். நடுவுல என்னால தபால்காரி வேலை பாக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு அம்பர்நாத்தில் ஃபாக்டரி வேலை, இரண்டாவது ஷிஃப்ட். அவர் திரும்பி வரும்போது அண்ணன் தூங்குவான். அண்ணன் கிளம்பும்போது அவர் தூங்குவார். அதனால் அவர்கள் பேச்செல்லாம் ஃபோன் மெசேஜில்தான்.

ஃபைனலுக்கு முந்தின நாள் காலை, அண்ணன் பிராக்டிஸுக்குப் போய்விட்டான். அப்பா தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"அப்பா, நாளைக்கு மேட்ச்சுக்குப் போகலையா?"

"என்னைய யாரு கூப்பிட்டா? போன வாரம் நானாத்தான் கேட்டேன். என்ன பதில் போட்டிருக்கான்னு நீயே பாரு."

ஃபோனை நீட்டினார். அப்பா தமிழில் அழகாக எழுதியிருந்தார்: 'சாஜா, மேட்ச் எத்தனை மணிக்கு? எந்த கிரவுண்டு? நானும் வரட்டுமா?'

கீழே அண்ணன் ஒரு கட்டைவிரல் படம் போட்டிருந்தான். அவ்வளவுதான்.

"எத்தனை மணின்னு கேட்டா கட்டைவிரலைக் காட்டுதான்! அப்பன் மெஷின் ஓட்டுதவன்லா, ஃபிரண்டுங்க முன்னால நான் வந்தா அவனுக்கு வெக்கம்" என்றார் அப்பா. கோபமாகத்தான் ஆரம்பித்தார், ஆனால் முடிக்கும்போது குரல் உள்ளே போய்விட்டது.

நான் கொஞ்சம் மேலே தள்ளிப் பார்த்தேன். அண்ணன் அனுப்பியது இருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: 'ஞாயிறு மூணு மணி, மாட்டுங்கா கிரவுண்டு. கண்டிப்பா வாங்கப்பா.'

அதற்குக் கீழே ஒரு கட்டைவிரல். அது அப்பா போட்டது.

"இத வாசிச்சீங்களாப்பா?"

அப்பா சட்டைப் பையைத் தடவினார். "கண்ணாடியக் காணோமே."

கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது.

அட, இதுதானா! மெஷின் மேல் இருக்கும் பெரிய இங்கிலீஷ் எழுத்துகளை அப்பா வாசித்துவிடுவார். அண்ணன் பாதி எழுத்தை முழுங்கிவிட்டு அடிப்பதை எப்படி வாசிப்பார்? அண்ணன் கதை இன்னும் மோசம், அவனுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. தமிழ் படிக்க அவனை மூன்று வருஷம் சர்ச்சில் சண்டே கிளாஸுக்கு அனுப்பினார் அப்பா. மூன்று வருஷமும் அவன் சர்ச்சுக்குப் பின்னால் பந்து உதைத்தான். உள்ளே உட்கார்ந்து படித்தது நான் மட்டும்.

வாசிக்கத் தெரியவில்லை என்று சொல்ல இரண்டு பேருக்கும் வெட்கம். அதனால் ஆளுக்கொரு கட்டைவிரல்.

உண்மையைச் சொன்னால் அண்ணன் மாட்டிக்கொள்வான். அப்பாவுக்கும் கஷ்டமாக இருக்கும். ஒரு தோசையைத் தின்று முடிக்கும்வரை யோசித்தேன்.

"அப்பா, டைப் பண்ணாதீங்க. இந்த மைக்கை அமுக்கிக்கிட்டுப் பேசுங்க."

"திரும்பவும் கட்டைவிரலைக் காட்டுனான்னா?"

"காட்டுனா என் பங்கு தோசையும் உங்களுக்கு."

ஃபாக்டரி இரைச்சலில் பேசிப் பழகிய தொண்டை அது. "ஏலே சாஜா! நாளைக்கு நான் வரட்டுமா வேண்டாமா? எத்தனை மணி, எந்த இடம்? வாயத் தொறந்து சொல்லு!"

எதிர்வீட்டுப் பேராச்சி அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் ஃபோனில் அண்ணன் குரல் வந்தது. "வாங்கப்பா. நாலு மணி, அதே மாட்டுங்கா கிரவுண்டு. போன வாரம் நீங்க வருவீங்கன்னு கிரவுண்டு வாசலையே பாத்துக்கிட்டு நின்னேன். அதுல ஒரு கோலே விட்டுட்டேன்."

அப்பா அதை மூன்று தடவை கேட்டார். "பிள்ளையக் காக்க வச்சிட்டேனே" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஃபைனலில் அண்ணன் டீம் தோற்றுப்போனது. ஆனால் அப்பா போட்ட சத்தம் இருக்கிறதே! "பந்தப் பாருலே, என்னைய ஏன் பாக்க?" என்று அவர் கத்தியதும் எதிர் டீமே சிரித்துவிட்டது. திரும்பும் வழியெல்லாம் அவர்கள் இரண்டு பேரும்தான் பேசினார்கள். எனக்கு வாய் திறக்க இடமே கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என் காதருகே குனிந்தார். "ஏட்டி, இங்கிலீஷ் எழுத்துல அண்ணன் அடிக்கானே, அத வாசிக்க எனக்குச் சொல்லித் தாரியா? அவன்கிட்ட மூச்சு விடாத."

அவர் முகம் கழுவப் போனதும் அண்ணன் வந்தான். "ஜெனி, அப்பா எழுதுற தமிழ வாசிக்கச் சொல்லித் தா. அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது, ப்ளீஸ்."

நான் வாயே திறக்கவில்லை. ஆளுக்கொரு கட்டைவிரலைக் காட்டினேன்.