புழுதி கிளப்பாத வண்டி

பின்னால் வந்த வண்டி புழுதி கிளப்பவில்லை.

ஹம்மு அதைக் கண்ணாடியில் பார்த்தான். கண்ணாடிதான் அழுக்கு என்று நினைத்து சட்டைக் கையால் துடைத்தான். துடைத்த பிறகும் அப்படியேதான் இருந்தது. அவன் வண்டி கிளப்பிய சிவப்புப் புழுதியைப் பள்ளத்தாக்குக் காற்று ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டிருந்தது. தெளிந்த அந்தச் சாலையில் யூஷாவின் வண்டி விளக்குகள் இரண்டும் மஞ்சளாக இறங்கி வந்தன. விளக்குகளுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. இந்த வருஷம் மழையே காணாத மலைச்சாலை அது. ஆடு நடந்தாலே ஆள் உயரத்துக்குப் புழுதி எழும்.

யூஷா அவன் தங்கை இத்தோவின் புருஷன். வண்டி ஓட்ட வந்து இதுதான் முதல் பருவம். ஹம்முதான் இழுத்து வந்தான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவனை, வெள்ளைக்காரர்களை மலை காட்ட அழைத்துப் போனால் நல்ல காசு என்று சொல்லி இழுத்து வந்தான். இத்தோவுக்கு இதில் இஷ்டமில்லை. காலையில் கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள். அவரைப் பின்னால் பார்த்துக்கிட்டே வருவியா, அண்ணே? பார்த்துக்கொண்டே வருவேன் என்றான். அவள் வீடு தக்னீத் ஊரின் கடைசி வீடு. வாசலுக்கு முன்னால் ஒரு கழுதை போகும் அகலத்துக்குத் தடம், அதற்கப்புறம் செங்குத்துப் பள்ளம். வண்டியை மசூதிப் பக்கம் நிறுத்திவிட்டுத்தான் யூஷா எப்போதும் வீட்டுக்கு நடந்து போவான்.

மதியம் கணவாய் உச்சியில் தேநீருக்கு நின்றபோது யூஷாவின் புருவமெல்லாம் சிவந்து கிடந்தது.

"உன் புழுதியத் தின்னே வயிறு ரொம்பிடுச்சு மச்சான். ராத்திரிக்கு ரொட்டி சுட வேணாம்னு உன் தங்கச்சிகிட்ட சொல்லிடு."

"முன்னால ஓட்டணும்னா முதல்ல மீசை முளைக்கணும்டா," என்றான் ஹம்மு.

யூஷா சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. புழுதி இருமல்.

இந்தப் பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவன்தான் பின்னால் வருகிறவனுக்குப் பொறுப்பு. ஒவ்வொரு வளைவிலும் முன்வண்டி நின்று, பிரேக் விளக்கை மூன்று முறை அடிக்கும். பின்வண்டி முன்விளக்கால் மூன்று முறை பதில் அடிக்கும். பதில் வராமல் நகரக் கூடாது. பாதை சாட்டை மாதிரி மடிந்து மடிந்து இறங்குவதால் வளைவைத் தாண்டிவிட்டால் ஒருவருக்கொருவர் கண்ணில் படுவதில்லை. பனியிலும் வெள்ளத்திலும்கூட ஹம்மு அந்த வழக்கத்தை மீறியதில்லை.

இன்று ஒரு வளைவில் மீறியிருந்தான். ஆட்டுத்தொட்டி வளைவு. வண்டியில் இருந்த பெல்ஜியக் கிழவர் சூரியன் போய்விடும், போய்விடும் என்று தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவர் மனைவி கேமராவை மடியில் தயாராக வைத்திருந்தாள். ஹம்மு விளக்கை மூன்று முறை அடித்தான். பதிலுக்குக் காத்திருக்காமல் திருப்பிவிட்டான். யூஷாதானே, வந்துவிடுவான் என்று நினைத்தான். அடுத்த திருப்பத்தில் கண்ணாடியைப் பார்த்தபோது விளக்குகள் இருந்தன. அவனுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. புழுதி இல்லை என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தான்.

அடுத்த வளைவில் நின்றான். மூன்று அடித்தான். பின்னால் மூன்று வந்தது. வாக்கி-டாக்கியும் கரகரத்தது.

"தெரியுது மச்சான், போ." அப்புறம் அந்த இருமல்.

போனான். வெயில் மேல் பாறைகளில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது, அதுவும் பழைய ரத்தத்தின் நிறத்தில். கீழே பள்ளத்தாக்கு இருட்டைக் குடித்து ஊதிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே காட்டுத் துளசியும் ஆட்டுப் புழுக்கையும் மணந்தன, சூடேறிய பிரேக் மணந்தது, அவற்றுக்கு அடியில் மெல்லிசாக, சொந்த வண்டியுடையதல்ல என்று அவனுக்குத் தெரிந்த டீசல் நாற்றமும் இருந்தது. இந்தப் பாறைச் சுவர்கள் ஒரு கல் உருண்டாலே ஊருக்குச் சொல்லும். பின்வண்டியின் எஞ்சின் சத்தம் எப்போதும் சுவரில் அடித்து, வண்டிக்கு முன்னாலேயே வந்து சேரும். அவன் எஞ்சினை அணைத்து, வண்டியைச் சரிவில் உருளவிட்டுக் கேட்டான்.

ஒன்றும் வரவில்லை.

அடுத்த வளைவு. மூன்று அடித்தான். மூன்று வந்தது.

"தெரியுது மச்சான், போ." இருமல்.

அதே இருமல். ஒரே இடத்தில் ஏறி ஒரே இடத்தில் இறங்கும் இருமல்.

யூஷாவின் வண்டியில் ஒரு ஸ்பானியக் குடும்பம் இருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள். சின்னவள் ஜன்னல் கம்பியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிட்டிருந்தாள். ஹம்மு வாக்கியை வாயருகே வைத்தான்.

"பிள்ளைங்க தூங்குதா யூஷா?"

"தெரியுது மச்சான், போ."

"யூஷா. உன் பொண்டாட்டி பேரு என்ன?"

கரகரப்பு. இருமல் முதலில் வந்தது. பிறகு, "தெரியுது மச்சான், போ."

கிழவர் என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை, மொஸ்யூ என்றான் ஹம்மு. கிழவி பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, உங்கள் நண்பர் ரொம்ப நெருங்கி வருகிறாரே என்றாள்.

ஹம்மு கண்ணாடியைப் பார்க்கவில்லை.

படம் எடுக்கிற வளைவு வந்தது. எல்லா ஓட்டுநர்களும் நிறுத்துகிற இடம். பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும், தூரத்தில் தக்னீத்தும் தெரியும். சூரியன் போய்விட்டிருந்தது. ஹம்மு நின்றான். பிரேக் விளக்கை அடிக்கவில்லை. என்ன ஆனாலும் இறங்காதீர்கள் என்று கிழவரிடம் சொல்லிவிட்டு, டார்ச்சையும் வாக்கியையும் எடுத்துக்கொண்டு இறங்கினான்.

விளக்குகளும் நின்றிருந்தன. ரொம்ப தூரமில்லை.

நடந்தான். செருப்புக்கடியில் கல் நொறுங்கியது. அந்தச் சத்தம் மட்டும்தான். யூஷா என்று கூப்பிட்டான். பாறை அதைத் திருப்பிக் கொடுத்தது. இன்னும் நடந்தான். கண் கூசியது. டார்ச்சைத் தரைக்குத் தாழ்த்தினான்.

தரை இல்லை.

கால் விரலுக்கு முன்னால் சாலை முடிந்திருந்தது. வளைந்து இடப்பக்கம் போயிருந்தது. விளக்குகள் வளையவில்லை. நேரே இருந்தன. வெட்டவெளியில். பள்ளத்துக்கு மேலே.

அவன் சுற்றிலும் பார்த்தான். மேலே மடிந்து கிடந்த பாதையில் ஆட்டுத்தொட்டி வளைவு தெரிந்தது. அதற்கு நேர் கீழே ஆற்றுப் படுகையில் வெள்ளையாக ஒன்று கவிழ்ந்து கிடந்தது. நான்கு சக்கரமும் வானத்தைப் பார்த்திருந்தன. ஒரு ஜன்னலில் சிவப்பாக ஏதோ ஒட்டிக்கிடந்தது. அதற்கு மேலே, காற்றே எட்டாத அந்தக் குழியில், புழுதி இன்னும் அடங்காமல் தொங்கியது.

யூஷாவின் புழுதி அங்கே இருந்தது.

கையில் வாக்கி கரகரத்தது.

"தெரியுது மச்சான், போ."

"எங்கடா போறது?" என்றான் ஹம்மு.

அப்போது சட்டைப் பையில் செல்பேசி அதிர்ந்தது. மலையில் இந்த வளைவில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். இத்தோ.

"அண்ணே, எங்க இருக்க நீ?"

"இத்தோ..."

"உன்னை முந்திக்கிட்டு வந்துட்டாரு பாத்தியா. வந்தவரு இறங்கவே மாட்டேங்கிறாரு. வாசல்ல லைட்டப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. ஜன்னல் பூரா ஒரே வெளிச்சம்."

ஹம்மு நிமிர்ந்தான். அவனுக்கு எதிரே இருட்டு. விளக்குகள் இல்லை.

"வாசல்லயா?"

"வாசல்லதான். எப்படித்தான் வண்டிய இங்க கொண்டாந்தாரோ. மூணு தடவை அடிக்கிறாரு, பாரேன். விளையாட்டு."

"இத்தோ, கதவத் தொறக்காத. உள்ளயே இரு."

"என்ன? கேக்கல. விட்டு விட்டு வருது."

"தொறக்காத. இத்தோ. அது அவன் இல்ல."

"இருமுறாரு அண்ணே. பாவம், தொண்டையெல்லாம் புழுதி. தண்ணி எடுத்துக்கிட்டுப் போறேன், இரு."

செம்பு மோதும் சத்தம். அவள் செருப்புச் சத்தம். மரத் தாழ்ப்பாள் உராயும் சத்தம். அவன் கத்தினான். பாறைகள் கத்தின. பின்னால் கிழவி வண்டியின் கதவைத் திறந்து அவன் பேரைச் சொன்னாள்.

பள்ளத்தாக்கின் மறுகோடியில், தக்னீத்தின் கடைசி வீட்டுக்கு எதிரே, சாலையோ மண்ணோ இல்லாத இடத்தில் இரண்டு மஞ்சள் விளக்குகள் தொங்கிக்கொண்டிருந்தன. மூன்று முறை அணைந்து எரிந்தன. அவற்றுக்கு முன்னால் நீளமான வெளிச்சக் கீற்று ஒன்று திறந்தது. அதில் சின்னதாக ஒரு நிழல் வந்து நின்றது. கையில் செம்போடு, முன்னால் ஒரு அடி எடுத்து வைத்தது.